உடைந்த வாள் உரைக்கும் வரலாறு

மண்ணிலிருந்து வாள் முழுமையாகக் கிடைப்பது அரிது. துருவேறிய அலகின் ஒரு துண்டோ, கைப்பிடியின் ஒரு பகுதியோதான் பல வேளைகளில் கிடைக்கின்றது. அத்துண்டின் காலத்தையும் பிறப்பிடத்தையும் அறிஞர் எவ்வாறு துணிகின்றனர் என்பதை ஐரோப்பாவின் 'உல்ஃபெர்ட்' வாள்களைக் கொண்டு காண்போம்.

கி.பி. 9ஆம் நூற்றாண்டு முதல் ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டு வரை, 'உல்ஃபெர்ட்' என்னும் பெயர் அலகில் பதிக்கப்பெற்ற வாள்கள் ஐரோப்பாவில் வழங்கின. இன்று ஏறத்தாழ 170 வாள்கள் அறியப்பட்டுள்ளன. பெயர் ஃபிராங்கிய இனத்தாருடையது. இரு நூற்றாண்டுகளுக்கு மேல் அப்பெயர் நீடித்தமையால், அது ஒரு கொல்லனை மட்டும் குறித்ததாகக் கொள்ள இயலாது.

துரு மறைத்த எழுத்துகளை ஊடுகதிர்ப் படம் வெளிப்படுத்தும். காலத்தை அறியக் கைப்பிடியின் வடிவம் துணைசெய்யும். நார்வே வாள்களை யான் பீட்டர்சன் என்பார் 1919இல் இம்முறையில் வகைப்படுத்தினார். எனினும் பழைய அலகுக்குப் புதிய பிடி பூட்டுதலும் உண்டு; ஆதலின் பிடியின் காலமே அலகின் காலம் எனத் துணிதல் பொருந்தாது. இரும்பில் கலந்த கரியைக் கொண்டு காலம் கணிக்கலாம் என்றாலும், பழைய இரும்பை மீண்டும் உருக்கியிருப்பின் கணக்குப் பிழைபடும். ஒரு சான்றை மற்றொரு சான்றால் சரிபார்ப்பதே முறை.

இனி, நம் உள்ளத்தைத் தொடும் செய்திக்கு வருவோம். ஆலன் வில்லியம்ஸ் என்னும் ஆய்வாளர் இவ்வாள்களுள் சிலவற்றில் கரி மிகுந்த, கசடற்ற எஃகைக் கண்டார். அது மூசையில் உருக்கிய எஃகாகலாம் எனக் கருதினார். மூசை எஃகு செய்தமைக்குத் தமிழகத்தில் கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் சான்றுகள் கிடைத்துள்ளன. உடனே, 'அவ்வாள்கள் நம் எஃகால் ஆனவை' என்று முழங்க ஆசை எழும். ஆனால் 9, 10ஆம் நூற்றாண்டுகளில் நடு ஆசியாவின் மெர்வ் நகரிலும் மூசை எஃகு உருவாயிற்று. அப்பகுதியை வட ஐரோப்பாவுடன் வோல்கா ஆற்று வணிக வழி இணைத்தது. அவ்வாள்களைத் தமிழகத்தோடு பிணைக்கும் நேர்ச்சான்று இல்லை. நம் கொல்லர் பெருமைக்குக் கொடுமணல் மண்ணே போதிய சான்று. இரவல் புகழ் வேண்டுவதில்லை.

வாள்துண்டைக் காட்சிக்கு வைப்பதிலும் இந்நேர்மை வேண்டும். ஈரம் குறைந்த கண்ணாடிப் பேழையில் வைத்தால் துரு பரவாது. தேய்த்துப் பளபளப்பாக்கினால் எழுத்தும் உலோகத்தின் சான்றும் அழியும். உடைந்த பகுதியைக் கற்பனையால் நிரப்பினால், எது பழையது, எது புதியது என்பது காண்போர்க்குத் தெளிவாகத் தெரியவேண்டும். விளக்கச் சீட்டில் 'ஏறத்தாழ', 'ஆகலாம்' என்னும் சொற்கள் இருப்பது குறையன்று. அவை அறிவின் அடக்கம்.

தாயகத்திற்கு வெளியே வாழும் நாம், நம் மக்களுக்கு முன்னோர் பெருமையைச் சொல்லி வளர்க்கிறோம். அதனோடு, 'இதற்குச் சான்று யாது?' என்று வினவும் பழக்கத்தையும் கற்பிப்போமாக. வினாவுக்கு நின்று விடைதரும் பெருமையே தலைமுறை கடந்து வாழும்.