1.4 விநாடியில் நின்ற மனிதர்!

பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறீர்கள். டிரைவர் சடன் பிரேக் போடுகிறார். பஸ் நின்றுவிடுகிறது… நீங்கள் நிற்பதில்லை! முன்னால் இருப்பவர் முதுகில் போய் முட்டி, ‘ஸாரி சார்’ என்று அசடு வழிகிறீர்கள்.

தப்பு உங்களுடையது இல்லை. நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது ‘உந்தம்’ என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஓடுகிற ஆளை நிறுத்த வேண்டுமானால் அந்த உந்தத்தை யாராவது வாங்கிக்கொண்டாக வேண்டும். முன்னால் நின்றவர் வாங்கிக்கொண்டார், பாவம்!

சரி, மணிக்கு 1,017 கி.மீ. வேகத்தில் போய், 1.4 விநாடியில் நின்றால் என்ன ஆகும்? ஒருவர் நின்று பார்த்தார். தெரிந்தே!

அவர் ஜான் பால் ஸ்டாப். அமெரிக்க விமானப்படை டாக்டர். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். விமான விபத்தில் 18 ‘ஜி’க்கு மேல், அதாவது சொந்த எடையைப் போல 18 மடங்கு அழுத்தம் வந்தால் பைலட் காலி என்று எல்லோரும் நம்பினார்கள். ஸ்டாப்புக்கு மட்டும் சந்தேகம். உடம்பு தாங்குகிறது, சீட்டும் பெல்ட்டும்தான் தாங்காமல் பிய்த்துக்கொள்கின்றனவோ?

1947-ல் கலிஃபோர்னியா பாலைவனத்தில் தண்டவாளத்தில் ஓடும், ராக்கெட் பூட்டிய வண்டி ஒன்றைத் தயார் செய்தார்கள். முதலில் ஒரு பொம்மையை உட்கார வைத்தார்கள். லேசான பெல்ட் மட்டும் போட்டு ஓடவிட்ட ஒரு சோதனையில், வண்டி நின்றது. பொம்மை பெல்ட்டை அறுத்துக்கொண்டு, முன்னாலிருந்த மரப்பலகையையும் உடைத்துக்கொண்டு, சுமார் 200 மீட்டர் தள்ளிப் போய் விழுந்தது!

அதைப் பார்த்த பிறகும் அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தார் ஸ்டாப். ஒரு தடவை அல்ல… மொத்தம் 29 தடவை! விலா எலும்பு முறிந்தது. மணிக்கட்டு உடைந்தது. பல்லில் அடைத்திருந்த சிமென்ட் தெறித்தது. மனுஷர் விடவில்லை.

1954, டிசம்பர் 10. நியூ மெக்ஸிகோ மாநிலம், ஹாலமன் விமானத்தளம். ஸ்டாப்புக்கு வயது 44. ஒன்பது ராக்கெட்டுகள் சீறின. ஐந்தே விநாடியில் உச்ச வேகம்! மேலே பறந்துகொண்டிருந்த ஜெட் விமானம் பின்தங்கிப்போனது. வண்டியின் அடியிலிருந்த அகப்பைகள் தண்டவாளத்துக்கு நடுவே தேக்கியிருந்த தண்ணீரில் மோத… 1.4 விநாடியில் வண்டி நின்றது. உச்சகட்ட அழுத்தம் 46.2 ‘ஜி’! எழுபது கிலோ ஆசாமி ஒரு கணம் மூன்று டன்னுக்கு மேல் கனத்தால் எப்படி இருக்கும்?

கண்களின் ரத்தக்குழாய்கள் வெடித்து, ஸ்டாப்புக்கு ஒன்றும் தெரியவில்லை. போயே போச்சு என்றுதான் நினைத்தார். ஆனால், பார்வை மெள்ள மெள்ளத் திரும்பி வந்தது. 18 ‘ஜி’ நம்பிக்கை மட்டும் திரும்பவே இல்லை!

‘ராக்கெட் வண்டிக்கும் எனக்கும் என்ன சார் சம்பந்தம்?’ என்கிறீர்களா? இருக்கிறது.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் கார் சுவரில் மோதுகிறது. உள்ளே எழுபது கிலோ ஆள். உந்தம் ஒன்றுதான், அது எவ்வளவு நேரத்தில் பூஜ்யமாகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுக்கிறோமே, அதே சூட்சுமம். பெல்ட் பிடித்திழுத்து, பத்தில் ஒரு விநாடியில் நின்றால், உடம்பின் மேல் சுமார் 1,200 கிலோ பாரம். பெல்ட் இல்லாமல் டாஷ்போர்டில் முட்டி, நூறில் ஒரு விநாடியில் நின்றால்? 12,000 கிலோ!

விமானங்களில் இறப்பவர்களுக்குச் சமமாகக் கார் விபத்துகளிலும் விமானப்படை வீரர்கள் சாகிறார்கள் என்பதைக் கணக்கெடுத்துச் சொன்னவரும் ஸ்டாப்தான். 1955-லிருந்து கார் மோதல் பற்றி மாநாடு கூட்டினார். ‘விமானப்படைக்கு இது எதற்கு?’ என்று முணுமுணுத்த அதிகாரிகளிடம் அந்தக் கணக்கையே நீட்டினார். 1966-ல் ஜனாதிபதி ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டபோது, ஸ்டாப்பும் அங்கே இருந்தார். 1968 மாடல் முதல் அமெரிக்கக் கார்களில் சீட் பெல்ட் கட்டாயமானது.

எலும்பு முறிந்து, கண்கள் ரத்தம் கட்டியும் அந்த மனிதர் 1999 வரை, 89 வயது வாழ்ந்தார்.

நாமோ போலீஸ்காரர் தலை தெரிந்தால்தான் பெல்ட்டைத் தேடுகிறோம்!