பச்ச உடம்புக்காரிக்குப் பக்கத்துல யாரு?



மலர் போடுகிறோம் என்றால் சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்றுதான் எழுதுவோம். இங்கே நான் எழுதுவது வேறொரு கணக்கு. பிள்ளை பிறந்த முதல் மூன்று மாதம் தாய்க்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்ற கணக்கு.

நம்ம பாட்டி காலத்தில் பக்கத்தில் இருந்தது தாயும் மாமியாரும் ஊர் மருத்துவச்சியும்தான். வெந்நீர் வைத்து ஊற்றுவார்கள், பத்தியச் சோறு போடுவார்கள், தூளியை ஆட்டுவார்கள். பச்ச உடம்புக்காரி கொஞ்சம் கண் அசர முடிந்தது. அது நல்ல வழக்கம். ஆனால் கூடவே சில கெட்டதும் இருந்தது. சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றிவிட்டு, பிள்ளைக்குச் சீனித் தண்ணியும் கழுதைப்பாலும் புகட்டினார்கள். அரிவாளிலும் பழைய பிளேடிலும் தொப்புள்கொடியை அறுத்தார்கள். ஒரு வாரத்தில் பிள்ளை வாய் இறுகிப் பால் குடிக்காமல், உடம்பு விறைத்துச் செத்துப்போகும். பேய் அறைந்தது என்பார்கள். அது ரண ஜன்னி. அந்த மருத்துவச்சியைக் குற்றம் சொல்லி என்ன பண்ண? அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கல்வராயன் மலையில் இதுக்கும் மேலே ஒரு கஷ்டம். 1976 வரை அந்த மலை மூன்று ஜாகீர்களின் கையில் இருந்தது. ஜாகீர்தாருக்குக் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். உழைக்கிற வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வு ஏது? ஜாகீர் ஒழிந்த பிறகும் சாமைக் கொல்லையும் மரவள்ளிக் கொல்லையும் காத்திருக்காது. மரத்தில் தூளியைக் கட்டிவிட்டுக் களை எடுத்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். நோவு வந்தால் டோலி கட்டித்தான் கீழே இறக்க வேண்டும்.

பிறகு ஒவ்வொன்றாக ஆட்கள் வந்தார்கள். 1975ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அங்கன்வாடியில் பிள்ளையை எடை போட்டார்கள். 1985ல் எல்லாக் குழந்தைக்கும் தடுப்பூசி என்ற திட்டம் வந்தது. கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வந்தார். கர்ப்பிணிக்குப் போட்ட ரண ஜன்னி ஊசி பிள்ளையையும் காப்பாற்றியது. 1987ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 2006ல் 6,000 ரூபாயாகவும், 2011ல் 12,000 ரூபாயாகவும் உயர்ந்தது. கூலிக்குப் போகாமல் கொஞ்ச நாள் வீட்டில் இருக்க அந்தப் பணம் உதவியது. 2008ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2011 கடைசியில், ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசி, நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் வந்தது.

பலன் கண்ணுக்குத் தெரிகிறது. தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தை பிறந்தால் ஒரு வயதுக்குள் இறந்தது 1991ல் 57. 2001ல் 49. 2020ல் 13. இன்னும் இறக்கும் பிள்ளைகளில் பெரும்பகுதி முதல் 28 நாளுக்குள்தான் போகிறது. அந்த நாட்களில் நர்ஸம்மா எந்நேரமும் நம் வீட்டில் இருக்க முடியாது. இருக்கக்கூடியது அக்கம்பக்கத்துப் பெண்கள்தான்.

இந்த இடத்தில்தான் நம்ம குழு வருகிறது. 1989ல் தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழு, அடுத்த சில வருஷத்தில் தென்னார்க்காட்டுக்கு வந்தது. கள்ளக்குறிச்சி அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. குழு என்றால் பணத்துக்கு மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறோம். ஜார்க்கண்ட், ஒடிசா மலைக் கிராமங்களில் நம்மைப் போன்ற பெண்கள் வேறு மாதிரி செய்து காட்டினார்கள்.

2005 முதல் 2008 வரை, ‘ஏக்ஜுட்’ என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து அங்கே மாதாமாதம் பெண்கள் கூடினார்கள். பல குழுக்கள் ஏற்கெனவே சேமிப்புக் குழுவாக இருந்தவை. மருந்து கொடுக்கவில்லை, பணமும் கொடுக்கவில்லை. பட அட்டையும் கதையும் வைத்து, நம்ம ஊரில் பிள்ளை ஏன் சாகிறது, நாம் என்ன செய்யலாம் என்று அவர்களே பேசி முடிவெடுத்தார்கள். கை கழுவிவிட்டுப் பிரசவம் பார்ப்பது, கொடியைக் கட்டும் நூலைக் கொதிக்க வைப்பது, தாய்ப்பால் மட்டும் கொடுப்பது என்று பழக்கம் மாறியது. குழு கூடாத ஊர்களோடு ஒப்பிட்டால், முதல் மாதத்தில் இறக்கும் குழந்தைகள் மூன்று வருஷத்தில் 32 சதவீதம் குறைவு. பேசியதுதான் மருந்து.

நாமும் வாரக் கூட்டத்தில் கூடுகிறோம். தவணை கேட்கிறோம். பிள்ளை பெற்ற உறுப்பினர் கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேட்போம். காரணமில்லாமல் அழுதுகொண்டே இருந்தால் கொழுப்பு என்று சொல்லிவிடாதீர்கள், அதுவும் ஒரு நோவுதான், நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். பிள்ளை பால் குடிக்கவில்லை, உடம்பு சில்லிட்டிருக்கு அல்லது கொதிக்குது, மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே குழியுது, துவண்டு கிடக்குது – இதில் ஒன்று இருந்தாலும் தொக்கம் எடுக்கப் போகாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த கூட்டத்திலேயே தீர்மான நோட்டில் ஒரு வரி சேர்ப்போம்: பிள்ளை பெற்ற ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுக்கும் 42 நாள் வரை முறை வைத்து ஒருத்தி போய் வரணும். ஊக்குநர் பேர் எழுதட்டும், எல்லோரும் கையெழுத்துப் போடுவோம்.