தாதியரும் ஊதியமும்

வேளை தவறாமல் மருந்து கொடுப்பதும், புண்ணைக் கழுவிக் கட்டுவதும், இரவெல்லாம் விழித்திருந்து நோயாளியைக் காப்பதும் எவ்விடத்திலும் ஒரே பணிதான். ஆயிரம் படுக்கைகள் கொண்ட அரசாங்க மருத்துவமனையில் செய்தாலும், ஒரு டாக்டர் தம் சொந்தப் பொறுப்பில் நடத்தும் சிறு நர்ஸிங் ஹோமில் செய்தாலும், அதற்கு வேண்டிய படிப்பும் பொறுமையும் ஒன்றே. ஆயினும் ஊதியம் மட்டும் இடத்துக்கு இடம் வேறுபட்டு வந்திருக்கிறது. இவ்வேற்றுமை எவ்வாறு தோன்றியது, அதைக் குறைக்க நம் நாட்டில் நடந்த முயற்சிகள் யாவை என்பதை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

சென்னைப் பொது மருத்துவமனையில் தாதியருக்கான பயிற்சி 1871-இல் தொடங்கிற்று. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் ஒரு பயிற்சிப் பள்ளியை நிறுவினார். அந்நாளில் பயிற்சி பெற்றோர் சிலரே. அவர்களுள் பெரும்பாலோருக்கு வேலை அளித்தவை அரசாங்கமும் கிறிஸ்தவ மிஷன்களுமே. 1906-இல் மின்டோ சீமாட்டியின் பெயரால் அமைந்த சங்கம் ஒன்று, இந்நாட்டில் வாழ்ந்த ஐரோப்பிய நோயாளிகளுக்குத் தாதியரை அனுப்பி வந்தது. தாதியர் தமக்கென அமைத்துக்கொண்ட இந்தியப் பயிற்சி பெற்ற தாதியர் சங்கம் 1908-இல் உருவாயிற்று.

1943-இல் சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு, 1946-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. ஏறக்குறைய 43,000 மக்களுக்கு ஒரு தாதி என்ற நிலையை அவ்வறிக்கை எடுத்துக் காட்டிற்று. சொற்ப ஊதியம், மிகுந்த வேலை, நெருக்கமான குடியிருப்பு ஆகிய குறைகளையும் அது கண்டித்தது. 1947-இல் இந்திய நர்ஸிங் கவுன்சில் சட்டம் பிறந்தது. அச்சட்டம் பயிற்சியின் தரத்தை நாடெங்கும் ஒரே சீராக்க முயன்றதேயன்றி, ஊதியத்தை வரையறுக்கவில்லை. ஊதியத்தையும் பணி நிலைமைகளையும் ஆராய 1954-இல் ஒரு குழு அமைந்தது. அதன் தலைவர் அப்போது சென்னை மாகாண சுகாதார அமைச்சராக இருந்த ஏ. பி. ஷெட்டி ஆவார்.

இம்முயற்சிகளின் நற்பயன் பெரும்பாலும் அரசாங்க மருத்துவமனைகளையே சேர்ந்தது. அங்கே ஊதிய விகிதம், விடுமுறை, பதவி உயர்வு ஆகியவை எழுத்தில் வந்தன. தனியார் மருத்துவ நிலையத்திலோ உரிமையாளரான டாக்டரின் சொல்லே விதியாயிற்று. சட்டங்களும் சிறு நிலையங்களைத் தொடாமல் நின்றன. 1952-ஆம் ஆண்டின் சேமநிதிச் சட்டம், பிற்காலத்தில் 20 ஊழியர் உள்ள நிலையங்கள் வரைதான் இறங்கி வந்தது. நான்கைந்து பேர் பணிபுரியும் ஒரு டாக்டரின் நிலையம் அந்த எல்லைக்குள் வாராது என்பது வெளிப்படை.

சிறு நிலையத்துக்கு உரிய நியாயத்தையும் நாம் மறைத்தல் கூடாது. நோயாளியிடம் குறைந்த கட்டணம் வாங்கும் டாக்டரால் பெரிய சம்பளம் கொடுப்பது எளிதன்று. பகல் நேர வேலை, வீட்டுக்கு அருகாமை, இரவுக் காவல் இன்மை ஆகியவற்றைக் கருதி அங்கே பணிபுரிய விரும்புவோரும் உண்டு. ஆனால் அங்கே தாதி ஒருத்தியே ஊசி போடுபவளாகவும், கணக்கு எழுதுபவளாகவும், வந்தோரை வரிசைப்படுத்துபவளாகவும் இருக்க நேர்கிறது. அவள் நோயுற்றால் மாற்றாள் இல்லை. இருபது ஆண்டு உழைத்தாலும் ஏறுவதற்கு அடுத்த படி இல்லை.

குறையை முறையிடுவதற்கும் வழி வேண்டுமல்லவா? மருத்துவமனை ஒரு 'தொழில்' ஆகுமா என்னும் கேள்வி நீதிமன்றத்துக்குச் சென்றது. ஆகும் என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. 1970-இல் சப்தர்ஜங் மருத்துவமனை வழக்கில் அக்கருத்து மாறிற்று. 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு முந்திய தீர்ப்பைத் தள்ளி, மருத்துவமனைகளையும் தொழில் என்ற சொல்லுக்குள் கொணர்ந்தது. தொழில் தகராறுச் சட்டத்தின் கதவு இவ்வாறு ஒருமுறை திறந்து, மூடி, மீண்டும் திறந்தது.

1987-இல் அமைந்த உயர்நிலைக் குழு, சரோஜினி வரதப்பன் தலைமையில் 1989-இல் அறிக்கை அளித்தது. பின்னர், 2011, 2012-ஆம் ஆண்டுகளில் கேரளத்துத் தனியார் மருத்துவமனைகளின் தாதியர் திரண்டு வேலைநிறுத்தம் செய்தனர். கடன் வாங்கிப் படித்துவிட்டு, அக்கடனை அடைக்கவும் போதாத சம்பளத்தில் உழல்வதும், ஒப்பந்தத்தின் பேரால் சான்றிதழ்கள் பிடித்து வைக்கப்படுவதும் அவர்களுடைய முக்கிய முறையீடுகள்.

தாதியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட, மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. 200-க்கு மேல் படுக்கைகள் உள்ள தனியார் மருத்துவமனை அரசாங்கத்துக்கு நிகரான ஊதியம் தர வேண்டும்; 100-க்கு மேற்பட்டால் 10 விழுக்காடு வரை குறையலாம்; 50 முதல் 100 வரை எனில் 25 விழுக்காடு வரை குறையலாம்; 50-க்கும் குறைந்த இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் கீழே போகலாகாது என்பது அக்குழுவின் பரிந்துரை. மருத்துவமனைகள் அரசியல் சட்டப்படி மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. ஆதலின் நிறைவேற்றுவது மாநிலங்களின் பொறுப்பாயிற்று. கேரளம் 2018-இல் தாதியரின் குறைந்தபட்ச ஊதியத்தை 20,000 ரூபாய் என நிர்ணயித்தது.

அரசாங்கப் பணி என்ற பெயர் மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது என்பதற்கும் சான்று உண்டு. தமிழ்நாட்டில் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்ட ஒப்பந்தத் தாதியர் 2017 நவம்பரில் சென்னையில் போராடினர்.

2016-ஆம் ஆண்டுப் பரிந்துரை ஊதியத்தை அளக்கக் கொண்ட கோல் படுக்கைகளின் எண்ணிக்கை. படுக்கையே இல்லாமல் ஒரு மேஜையும் இரு நாற்காலியும் கொண்டு நடைபெறும் டாக்டரின் அறையை அக்கோலால் எவ்வாறு அளப்பது? நம் மக்கள் காய்ச்சல் என்றதும் முதலில் நாடுவது அத்தகைய அறையைத்தான். அங்கே ஊசி போடும் கைக்குப் பயிற்சி உண்டா என்பது நோயாளியின் உயிரைப் பற்றிய கேள்வி. பயிற்சி பெற்றவளுக்குத் தகுந்த ஊதியம் இல்லையெனில், பயிற்சி இல்லாதவளே அவ்விடத்துக்கு வந்து சேருவாள். தாதியின் ஊதியம் அவள் ஒருத்தியின் கவலை மட்டும் அன்று. நம் அனைவரின் நலமும் அதனுடன் பிணைந்திருக்கிறது.