சர்க்கரை நோய்ப் பூனையும் இன்சுலின் சந்தையும்

பூனைக்கும் சர்க்கரை வியாதி வருமா? வரும். நூறிலிருந்து ஐந்நூறு பூனைகளுக்கு ஒன்று என்பது அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சொல்லும் உத்தேசக் கணக்கு. பெரும்பாலும் நடுவயதைத் தாண்டிய, வீட்டுக்குள்ளேயே தின்று தூங்கிக் குண்டான ஆண் பூனைகளுக்குத்தான் வருகிறது. மனிதர்களின் டைப் 2 சர்க்கரை நோய்க்கு நெருங்கிய சொந்தம் என்று சொல்லலாம். ஆனால் மனிதர்கள் விழுங்கும் மாத்திரைகள் பூனையிடம் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் 2022 வரை அமெரிக்காவில் பூனைக்கு நம்பகமான வைத்தியம் என்றால் இன்சுலின் ஊசி ஒன்றுதான்.

அந்த ஊசி மருந்தைப் பூனைக்காக யாரும் கண்டுபிடிக்கவில்லை. மனிதர்களுக்காகச் செய்ததில் பூனைக்கும் ஒரு பங்கு கிடைத்தது, அவ்வளவே. மனிதர்களின் சந்தை திசை மாறிய போதெல்லாம் பூனையின் பாடு திண்டாட்டம் ஆனது. இந்தக் கதையே அதுதான்.

கதை நாயிலிருந்து தொடங்குகிறது. 1889-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். நாய்க்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது! நோயின் வேர் கணையத்தில் இருக்கிறது என்பது அப்போதுதான் உறுதியானது. 1921-ல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் மீண்டும் நாய்களை வைத்தே சோதனை செய்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். மார்ஜரி என்ற நாய் கணையமே இல்லாமல் சுமார் 70 நாட்கள் அந்தச் சாற்றால் உயிரோடிருந்தது. 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் லியோனார்ட் தாம்ஸனுக்கு முதல் ஊசி போட்டார்கள். காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் விலைக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி.

மருந்தைப் பெரிய அளவில் தயாரித்தது அமெரிக்காவின் எலி லில்லி கம்பெனி. மூலப்பொருள்? கசாப்புக்கூடங்களில் வீணாய்ப் போய்க்கொண்டிருந்த மாடு, பன்றிகளின் கணையம். வணிகவியல் பாடத்தில் 'உபபொருள்' என்று படிப்போமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இறைச்சி வியாபாரத்தின் கழிவிலிருந்து லட்சக்கணக்கான மனிதர்களுக்கு உயிர் கிடைத்தது.

இதில் பூனைக்கு ஒரு அதிர்ஷ்டம் ஒளிந்திருந்தது. இன்சுலின் என்பது 51 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு மாலை. பூனையின் இன்சுலினுக்கும் மாட்டின் இன்சுலினுக்கும் ஒரே ஒரு மணியில்தான் வித்தியாசம். பன்றியோடு மூன்று, மனிதனோடு நான்கு. (நாயின் இன்சுலினும் பன்றியின் இன்சுலினும் அச்சு அசல் ஒன்று.) ஆக, மனிதனுக்கென்று மாட்டிலிருந்து எடுத்த மருந்து மனிதனைவிடப் பூனைக்குத்தான் அதிகம் பொருந்தியது!

1936-ல் டொராண்டோவைச் சேர்ந்த ஸ்காட், ஃபிஷர் இருவரும் இன்சுலினோடு புரோட்டமின் என்ற புரதத்தையும் துத்தநாகத்தையும் சேர்த்து, உடலில் மெதுவாகக் கரைந்து வெகுநேரம் வேலை செய்யும் பி.இஸட்.ஐ. என்ற வகையை உருவாக்கினார்கள். பூனையின் உடல் இன்சுலினைச் சீக்கிரம் தீர்த்துவிடும். அதனால் இந்த மெதுவான வகை பின்னாளில் கால்நடை மருத்துவர்களுக்கு மிகவும் பிடித்துப் போனது.

நோய் கண்ணில் பட்டதற்கும் ஒரு வியாபாரம் உதவியது. 1947-ல் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்பவர் பூனைகள் கழிக்க உலர்ந்த களிமண்ணைப் பையில் அடைத்து விற்கத் தொடங்கினார். அதுவரை பெரும்பாலும் தோட்டத்திலும் தெருவிலும் போய்க்கொண்டிருந்த பூனை முழுநேரமும் வீட்டுக்குள் வந்தது. வீட்டுக்குள் வந்ததும் எடை ஏறியது. தொட்டி மண் வழக்கத்தைவிட அதிகமாக நனைவதையும், தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாவதையும் வீட்டுக்காரர்கள் கவனிக்கவும் முடிந்தது. சர்க்கரை நோயின் முதல் அறிகுறிகள் இவைதான்.

பிறகு வந்தது 1982. பாக்டீரியாவுக்குள் மனித மரபணுவை வைத்துத் தயாரித்த 'ஹ்யூமுலின்' அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மனிதர்களுக்கு இது பெரிய வரம். மாட்டு இன்சுலினுக்கோ அன்றிலிருந்து இறங்குமுகம். 1990-களின் தொடக்கத்தில் லில்லி தன் பி.இஸட்.ஐ.யை நிறுத்தியது. பிரிட்டனில் பைத்திய மாட்டு நோய் பரவி, மாட்டு உறுப்புகள் என்றாலே உலகம் பயந்த காலமும் அதுவே. 1998-ல் அமெரிக்காவில் மனிதர்களுக்கான மாட்டு இன்சுலின் தயாரிப்பு நின்றது. வாங்கும் மனிதர்கள் குறைந்தால் கம்பெனி தயாரிப்பை நிறுத்தும். அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கணக்கில் பூனை எங்குமே இல்லை.

சிறிய கம்பெனிகள் அந்த இடத்தைப் பிடித்தன. ஐடெக்ஸ் நிறுவனம் 90 சதவீதம் மாடும் 10 சதவீதம் பன்றியும் கலந்த பி.இஸட்.ஐ.யை விலங்குகளுக்கென்றே விற்றது. மூலப்பொருளுக்குத் தட்டுப்பாடு வர, 2000-களின் இறுதியில் அதுவும் நின்றது. 2009 நவம்பரில் இன்னொரு அடி. பன்றி இன்சுலினான வெட்சுலினின் தரம் புட்டிக்குப் புட்டி மாறக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. அந்த மருந்து திரும்பவும் சந்தைக்கு வர 2013 ஆனது. நல்லவேளையாக 2009 இறுதியிலேயே மனித இன்சுலினைக் கொண்டு செய்த ப்ரோஸிங்க் பூனைகளுக்கென்று அனுமதி பெற்றது. மனிதர்களுக்கான கிளார்ஜின் இன்சுலினும் பூனைக்கு நன்றாகப் பொருந்தியது. ஆனால் அதன் விலை வருடா வருடம் ஏறியது. 2024 ஜனவரியில் சனோஃபி கம்பெனி தன் லாண்டஸின் பட்டியல் விலையை 78 சதவீதம் குறைத்தது. அரசியல் நெருக்கடி மனித நோயாளிகளுக்காக வந்தது, பலன் பூனைக்கும் கிடைத்தது.

மருந்து மாறும்போது சிரிஞ்சும் மாற வேண்டும். பல உயிர்கள் தடுமாறுவது இங்கேதான். அமெரிக்காவில் மனிதர்களுக்கு 1973-லிருந்து மில்லிக்கு 100 யூனிட் என்ற அளவு வந்தது. விலங்குகளுக்கான மருந்துகள் பழைய 40 யூனிட்டிலேயே நின்றுவிட்டன. (நம் ஊர் மருந்துக் கடையில் மனிதர்களுக்கே 40 யூனிட் புட்டி கிடைக்கிறது. சிவப்பு மூடி சிரிஞ்ச் அதற்குத்தான். ஆரஞ்சு மூடி 100-க்கு.) பூனைக்கு ஒரு வேளைக்கு ஒன்றோ இரண்டோ யூனிட்தான் ஆரம்ப அளவு. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். சர்க்கரை தடாலென்று இறங்கி, தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம். மாற்றி எடுத்தால் பாதிகூடப் போகாது, சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும்.

சர்க்கரை இறங்கினால் தேனையோ சர்க்கரைப் பாகையோ ஈறில் தடவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மயங்கிக் கிடக்கும் பூனையின் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதனால் தடவ மட்டுமே செய்யலாம்.

இன்சுலின் போதாமல் போனால் வருவது கீட்டோஅசிடோசிஸ். உடல் சர்க்கரையை எரிக்க முடியாமல் கொழுப்பை எரிக்கிறது. அதில் பிறக்கும் கீட்டோன்கள் ரத்தத்தை அமிலமாக்குகின்றன. பூனை சாப்பிடாது, வாந்தி எடுக்கும், மூலையில் சுருண்டு கிடக்கும். மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசனை வரலாம். காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாத நிலை இது. ஆஸ்பத்திரியில் முதலில் கொடுப்பது இன்சுலின் அல்ல, சலைன். நீர்ச்சத்து ஏறிய பிறகுதான் சீக்கிரம் வேலை செய்யும் இன்சுலினைச் சிறுகச் சிறுகக் கொடுப்பார்கள். இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளிவிடுவதால் ரத்தத்தில் அது அபாயமாகக் குறையும். அதையும் சேர்த்து ஏற்ற வேண்டும். பாஸ்பரஸ் குறைந்தால் சிவப்பணுக்களே உடையும். ஓரிரு மணிக்கொருமுறை ரத்தப் பரிசோதனை, சாப்பிடாவிட்டால் குழாய் வழியாக உணவு என்று இது பல நாள் வேலை.

இந்த வேலைக்கென்றே ஒரு சிறப்புத் துறை வளர்ந்தது. அமெரிக்கக் கால்நடை அவசர சிகிச்சை நிபுணர்களின் கல்லூரிக்கு 1989-ல் அங்கீகாரம் கிடைத்தது. பெரிய நகரங்களில் இரவு முழுவதும் திறந்திருக்கும் விலங்கு ஆஸ்பத்திரிகள் வந்தன.

பணம்? சில ஆயிரம் டாலர்கள் ஆகும், அதில் ஒரு பகுதியை முன்பணமாகக் கேட்பதும் வழக்கம். அமெரிக்காவில் செல்லப்பிராணி காப்பீடு 1982-ல், லாஸி என்ற சினிமா நாய்க்கு எழுதிய பாலிசியோடு தொடங்கியது. இன்றும் பெரும்பாலான பூனைகளுக்குக் காப்பீடு கிடையாது. பிரிட்டனில் மரியா டிக்கின் என்ற பெண்மணி 1917-ல் லண்டன் வைட்சாப்பலில் ஒரு நிலவறையில் ஏழைகளின் விலங்குகளுக்கு இலவச வைத்தியசாலை திறந்தார். பி.டி.எஸ்.ஏ. என்ற அந்த அமைப்பு இன்றும் நடக்கிறது. அந்த வசதி இல்லாத இடங்களில், பிழைக்கக்கூடிய பூனையைப் பணமில்லாததால் கருணைக்கொலை செய்யும் முடிவு நள்ளிரவில் எடுக்கப்படுகிறது. சிகிச்சை கிடைத்த பூனைகளில் பெரும்பாலானவை பிழைத்து வீடு திரும்புகின்றன. அவற்றில் சில, சில மாதங்களில் இன்சுலினே தேவைப்படாத நிலைக்கும் வந்துவிடுகின்றன. பூனையின் சர்க்கரை நோயில் அப்படி ஒரு விசேஷம் உண்டு.

2022 டிசம்பரில் எஃப்.டி.ஏ. பெக்ஸாகாட் என்ற மாத்திரைக்கு அனுமதி அளித்தது. பூனையின் சர்க்கரை நோய்க்கு அங்கே அனுமதி பெற்ற முதல் மாத்திரை இது. அடுத்த வருடமே சென்வெல்கோ என்ற திரவ மருந்தும் வந்தது. ஊசிக்குப் பயந்தவர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் இவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. உடலில் இன்சுலின் சுரப்பு போதாவிட்டால், ரத்தச் சர்க்கரை சரியாக இருக்கும்போதே கீட்டோஅசிடோசிஸ் வந்துவிடலாம். அதனால் முன்பு இன்சுலின் போட்ட பூனைக்கு இவற்றைக் கொடுக்கக் கூடாது என்று எச்சரிக்கை அச்சிடப்பட்டுள்ளது. குளுக்கோமீட்டர் நல்ல எண்ணைக் காட்டினாலும், பூனை சாப்பிடாமல் கிடந்தால் கீட்டோனைப் பரிசோதிக்க வேண்டும். கீட்டோன் ஏறியிருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு மீண்டும் அதே ஆஸ்பத்திரி, அதே சலைன், அதே இன்சுலின். இந்த முறை கூடவே குளுக்கோஸும்.