துலாவும் இயந்திரக் கையும்: மூட்டுப் பொறியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மனிதன் தன் உடல் வலிமைக்கு மிஞ்சிய வேலையைச் செய்ய முற்பட்ட நாள்முதல் ஒரு பண்டமாற்று நடந்து வருகின்றது. வேகத்தைக் கொடுத்து விசையைப் பெறுதலே அது. நெம்பு, கப்பி, பற்சில்லு ஆகிய யாவும் இம்மாற்றின் வெவ்வேறு வடிவங்களாகும். ரோபோ எனப்படும் இயந்திரக் கையின் மூட்டுக்கு எவ்வகை வேகக்குறைப்பியைத் தெரிவு செய்வது என்னும் இக்காலப் பொறியியல் வினாவும் இம்மரபிலேயே எழுகின்றது. பெறப்படும் விசையின் அளவை மாத்திரம் கொண்டு இவ்வினாவுக்கு விடை காண்டல் இயலாது. அச்சுவேலிப் பகுதியின் இறைப்பு வரலாற்றையும் ரோபோ மூட்டின் வரலாற்றையும் ஒப்புநோக்குமிடத்து இவ்வுண்மை புலனாகும்.

அச்சுவேலி, வலிகாமத்தின் கிழக்குப் பாகத்தில் அமைந்த வேளாண்மைக் கிராமம். வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் சுண்ணாம்புக்கற் பாறையிடை தேங்கிய நிலத்தடி நீரே பயிருக்கு ஆதாரம். அந்நீரை மேலே கொணர்ந்த பொறி துலா. கிணற்றருகே நாட்டிய ஆடுகால்களின்மேல் அச்சுலக்கை குறுக்காகக் கிடக்கும். அதனைப் பற்றியே நெடிய துலா மேலும் கீழும் ஆடும். துலாவின் ஒரு முனையில் துலாக்கொடியும் அதன் நுனியில் பனையோலைப் பட்டையும் தொங்கும். துலாவில் ஏறியவர் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, மற்றொருவர் பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலிற் சரிக்க, இன்னொருவர் பாத்திதோறும் தண்ணீர் மாறுவார்.

பொறியியல் நோக்கில் துலா எளியதொரு நெம்பு அன்று. அச்சுலக்கையிலிருந்து மிதிப்பவர் நிற்கும் தூரம் கூடுந்தோறும் அவர் எடையின் திருப்பம் கூடும். ஆகவே ஒவ்வோர் அடியிலும் அவர் பொறியின் விகிதத்தையே மாற்றுகின்றார். அன்றியும், பட்டையின் பாரம் உடனுக்குடன் அவர் காலுக்குத் தெரிந்தது. கிணற்றில் நீர் தாழ்ந்தால் அதனை அவர் உடலின் களைப்பே அறிவித்தது. மனிதனிடமிருந்து நீருக்குச் சென்ற விசையைப் போலவே நீரிடமிருந்து மனிதனுக்கு வரும் செய்திக்கும் அப்பொறியில் வழியிருந்தது.

1950களிலும் 1960களிலும் மண்ணெண்ணெயால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் குடாநாட்டிற் பரவின, மின்மோட்டார்களும் தொடர்ந்தன. துலா மிதித்தல் கடும் உழைப்பு. தவறி விழும் ஆபத்தும் அதிலுண்டு. அவ்வுழைப்பு ஒழிந்தமை பெரும் நன்மையே. ஆயின் நிலத்தடி நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கும் படலமாகவே உள்ளது. அச்சுவேலிக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் இதற்குச் சான்று. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். இவ்வெல்லையை இயந்திரம் உணராது. முன்பு களைப்பு வகுத்த வரம்பு மறைந்ததும் அதனை அறிவினால் வகுக்கவேண்டிய நிலை தோன்றியது.

இனி ரோபோவை நோக்குவோம். 1961இல் ஜெனரல் மோட்டோர்ஸின் நியூ ஜேர்சித் தொழிற்சாலையில் நிறுவப்பெற்ற ‘யுனிமேற்’ திரவ அமுக்கத்தால் இயங்கியது. 1974இல் சுவீடனின் ‘அசேயா’ நிறுவனம் முற்றிலும் மின்சாரத்தால் இயங்கும் கையொன்றை வெளியிட்டது. மின்மோட்டார் விரைந்து சுழலும். ஆனால் அதன் முறுக்குவிசை சிறிது. எனவே மின்சாரக் கைக்கு வேகக்குறைப்பி இன்றியமையாததாயிற்று.

இத்தேவைக்கு ஏற்ற இரு பொறிகள் முன்னரே தோன்றியிருந்தன. ஒன்று, ஜேர்மனியரான லோரன்ஸ் பிராரன் இரு உலகப்போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் வகுத்த வட்டப்புரளிக் குறைப்பி. மற்றொன்று, அமெரிக்கரான வால்ட்டன் மசர் 1955இல் விண்ணப்பித்து 1959இல் ஆக்கவுரிமை பெற்ற நெகிழ்சில்லுக் குறைப்பி. பின்னதில் மெல்லிய உருக்குக் கிண்ணமொன்றை நீள்வட்டச் சில்லு உள்ளிருந்து நெகிழ்த்தும். கிண்ணத்தில் 200 பற்களும் வெளிவளையத்தில் 202 பற்களும் இருப்பின், நீள்வட்டத்தின் ஒரு சுற்றுக்குக் கிண்ணம் இரு பற்களே பின்வாங்கும். விகிதம் 100 ஆகும். பற்களிடையே தளர்ச்சி மிகக் குறைவாதலின் நுண்ணிய அசைவுக்கு இது உகந்தது. 1971இல் சந்திரனில் ஓடிய ஊர்தியின் சில்லுகளிலும் இதுவே 80 என்ற விகிதத்துடன் பொருத்தப்பட்டது. பெரும்பாரம் தூக்கும் கைகளுக்கோ அதிர்ச்சி தாங்கும் வட்டப்புரளி வகை பொருந்தியது. 1980களில் யப்பானின் ‘தெய்ஜின் செய்க்கி’ நிறுவனம் அதனைக் கோட்பற்சில்லுத் தொகுதியுடன் இணைத்து ரோபோ மூட்டுக்கென அமைத்தது.

எனினும் உயர்ந்த விகிதத்திற்கு ஒரு விலையுண்டு. வெளியிலிருந்து மூட்டை அசைப்பவருக்கு மோட்டாரின் சடத்துவம் விகிதத்தின் வர்க்கமாகப் பெருகித் தோன்றும்: விகிதம் 100 எனின் 10,000 மடங்கு, 6 எனின் 36 மடங்கு மாத்திரமே. உராய்வும் சேரவே, மூட்டு வெளியுலகின் தொடுகையை உணராத பொருளாகின்றது. இக்குறையை நீக்கவே 1981இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அசாடா, கனாடே ஆகியோர் குறைப்பியே இல்லாத கையொன்றை அமைத்தனர். அதற்கு எடைமிக்க பெரிய மோட்டார்கள் வேண்டியிருந்தன. பின்னர் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் உருவான ‘மினி சீற்றா’ என்னும் நாற்கால் ரோபோ 6 என்னும் சிறு விகிதத்தால் நடுவழி கண்டது. தரை தரும் அதிர்ச்சி மோட்டாரைத் திரும்பச் சென்றடைவதால் அது பாய்ந்து விழினும் மூட்டு எளிதில் உடைவதில்லை.

எனவே மூட்டைத் தெரிவோர் இரு வினாக்களை எழுப்புதல் வேண்டும். எவ்வளவு விசை வெளியே செல்லவேண்டும்? எவ்வளவு செய்தி உள்ளே திரும்பவேண்டும்? ஒரே இடத்தில் நின்று ஒட்டுவேலை செய்யும் கைக்கு முதல் வினாவும் நுண்மையும் போதும். மனிதரோடும் மண்ணோடும் பழகும் பொறிக்கு இரண்டாம் வினாவே முதன்மையானது.

போரில் அழிந்த அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை 2014இல் இந்திய உதவியுடன் மீளத் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் கிளிநொச்சியில் இயங்குகின்றது. நாளை இவ்வூர்த் தோட்டத்திற்கென ஒரு பொறி அமைப்போர் விலைப்பட்டியலின் விகிதங்களை மட்டும் நோக்கின், நீரிறைக்கும் இயந்திரத்தின் வரலாறே மீண்டும் நிகழும். துலாவுக்குத் திரும்புதல் இயலாது, வேண்டுவதுமன்று. துலாவை மிதித்தவரின் கால் அறிந்ததைப் புதிய மூட்டும் அறியுமாறு செய்தலே அவர்கள்முன் உள்ள பணியாகும்.