குடிவழியும் குருதி மாதிரியும்: எழுவான்கரையில் மரபணு ஆய்வுக்கான சம்மதம்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் வீதியில், களுவாஞ்சிகுடிக்கு வடக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையே செட்டிபாளையம் அமைந்திருக்கிறது. வாவிக்குக் கிழக்கே உள்ள இந்த எழுவான்கரையின் மரபில், குடி எனப்படும் வம்சப் பிரிவு தாய்வழியே வருகிறது. ஒரே குடிக்குள் மணம் முடிப்பதில்லை. கோயில் உரிமைகளும் திருவிழாப் பொறுப்புகளும் குடிவழியே பகிரப்படுகின்றன. இத்தகைய சமூகத்திலிருந்து குருதி மாதிரி மரபணு ஆய்வுகூடத்துக்குப் போகும்போது, கொடுப்பவரின் கையொப்பம் மட்டும் சம்மதமாகாது என்பதே என் வாதம்.

இழைமணி டி.என்.ஏ. தாயிடமிருந்தே பிள்ளைக்கு வருகிறது. ஆகவே ஒரு பெண் கொடுக்கும் சில மில்லிலீற்றர் குருதி, அவளுடைய உடன்பிறந்தார், தாயின் சகோதரிகள், அச்சகோதரிகளின் பிள்ளைகள் அனைவரின் தாய்வழியையும் சேர்த்தே வெளிப்படுத்தும். அவர்களில் எவரும் படிவத்தில் ஒப்பமிட்டிருக்க மாட்டார்கள்.

சுனாமிக்குப் பின் கல்முனை வைத்தியசாலையில் 81ஆம் இலக்கத்தில் பதியப்பட்ட கைக்குழந்தையின் பெற்றோர் யாரென்பதை 2005 பெப்ரவரியில் டி.என்.ஏ. பரிசோதனை உறுதிசெய்தது. அங்கே நீதிமன்றம் கேட்ட கேள்வி ஒன்றுதான். விடை கிடைத்ததும் குழந்தை பெற்றோரிடம் சேர்ந்தது. ஆராய்ச்சிக்குப் போகும் குருதியின் கதை வேறு. உறைநிலையில் பல பத்தாண்டுகள் இருக்கும் மாதிரியிடம், கொடுத்தபோது எவரும் நினைத்திராத கேள்விகளையும் கேட்கலாம்.

அரிசோனாவின் ஹவசுப்பாய்ப் பழங்குடியினர் 1990 முதல் நீரிழிவு ஆய்வுக்கென நம்பிக் குருதி கொடுத்தார்கள். பின்னர் அது உளப்பிளவு நோய், உள்மணம், மூதாதையர் குடிபெயர்வு ஆகியவை பற்றிய ஆய்வுகளுக்கும் பயன்பட்டது. தங்கள் தோற்றக் கதைக்கே எதிரான முடிவுகள் தங்கள் குருதியிலிருந்து எழுதப்பட்டதை அவர்கள் பிறகுதான் அறிந்தார்கள். 2010இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 இலட்சம் டொலர் வழங்கி, மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது.

மட்டக்களப்பில் இந்த ஆபத்து இன்னும் கூர்மையானது. இங்கே தமிழரிடையே மட்டுமல்ல, முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடிமுறை உண்டு. போரால் காயப்பட்ட இரு சமூகங்களின் நடுவே, 'யார் எங்கிருந்து வந்தார்' என்ற ஆய்வுகூட முடிவு காணிக்கும் உரிமைக்குமான ஆயுதமாகிவிடலாம். குடியை உயிரியல் அலகாகக் கொள்வதும் பிழை. தத்தெடுப்பும் குடிகள் பிரிவதும் சேர்வதும் எந்த வம்சமுறையிலும் நடப்பவை. குடியுறுப்புரிமை முதலில் ஒரு சமூக உரிமை.

இன்னொரு பக்கமும் உண்டு. பல நாட்டு மக்களின் மரபணுத் தரவைத் தொகுத்து, 2015இல் வெளியான ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தின் இறுதிக்கட்டத் தரவில் இலங்கைத் தமிழருக்கான தொகுதி, ஐக்கிய இராச்சியத்தில் வாழ்வோரிடம் பெறப்பட்டது. யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் அந்த ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. இரு பிரதேசங்களின் வம்சமுறைகளும் மணமுறைகளும் வேறுபடும்போது இது பெரும் இழப்பு. தலசீமியா போன்ற பரம்பரை நோய்களை ஆராய்பவர்களுக்கும் ஊர்வாரியான தரவு வேண்டும். ஆகவே மாதிரியே கொடுக்காதிருப்பது தீர்வாகாது.

இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவைச் சிறப்பு வகையாகக் கொள்கிறது. ஆனால் அதன் பாதுகாப்பு தனியாளை மையமாகக் கொண்டது. குடிக்கு அதில் இடமில்லை. அந்த இடைவெளியை ஆய்வொழுக்கக் குழுக்களே நிரப்ப வேண்டும். எந்தக் கேள்விக்காக மாதிரி எடுக்கப்படுகிறது, எந்தக் கேள்விக்கு அது ஒருபோதும் பயன்படாது, நாட்டுக்கு வெளியே போகுமா, எப்போது அழிக்கப்படும் என்பவை ஊருக்குத் தமிழில் முன்வைக்கப்பட வேண்டும். புதிய கேள்வி எழுந்தால் மறுபடி ஊருக்கு வரவேண்டும். கோயில் நிர்வாகப் பொறுப்பாளர்களான வண்ணக்கர்மாரின் ஒப்புதலோடு இதை முடித்துக்கொள்வது எளிது. ஆனால் அந்தப் பொறுப்பில் இருப்பவர்கள் வழக்கமாக ஆண்கள். ஆராயப்படுவதோ பெண்வழி. இதை முடிவுசெய்யும் ஊர்க்கூட்டத்தில் குடியின் மூத்த பெண்கள் அமர்ந்து, கேட்டு, வேண்டுமானால் மறுக்கவும் முடியாதவரை எந்த மாதிரியும் ஊரைவிட்டுப் போகக்கூடாது.