'ஹேப்பி'ன்னா சந்தோஷம் மட்டும்தானா? ஓர் ஆங்கில வார்த்தையின் கதை

காலையில் போனை எடுத்ததும் 'ஹேப்பி சண்டே'. மதியம் யாருக்கோ 'ஹேப்பி பர்த்டே'. கல்யாண நாள், தீபாவளி, டீச்சர்ஸ் டே என்று எது வந்தாலும் முன்னால் ஒரு 'ஹேப்பி' ஒட்டிக்கொள்கிறது. "என்ன, இப்போ ஹேப்பியா?" என்று கேட்பதற்கு இங்கிலீஷே தெரிந்திருக்க வேண்டாம். அந்த அளவுக்கு நம்ம வீட்டு வார்த்தையாகிவிட்டது.

ஆனால், இந்த வார்த்தையைக் கேள்வியாகக் கேட்டுப் பாருங்கள், சிலருக்குத் தொண்டை அடைத்துவிடும். என் தோழி ஒருத்தி. நல்ல வேலை, சொந்த வீடு, பிரச்னை பண்ணாத குடும்பம். காலேஜ் ரீயூனியனில் யாரோ சும்மா, "நீ ஹேப்பியா இருக்கியா?" என்று கேட்டுவிட்டார்கள். "எல்லாம் இருக்கு, ஆனா ஆமான்னு சொல்ல வாய் வரலை. ஏதோ பரீட்சையில ஃபெயிலான மாதிரி இருந்துச்சு" என்று அன்று இரவு போனில் சொன்னாள். அவளுக்காகத்தான் இந்த வார்த்தையைக் கொஞ்சம் நோண்டிப் பார்த்தேன்.

'ஹேப்பி' ஆங்கிலத்துக்கு வந்த காலத்தில், அதாவது 14-ம் நூற்றாண்டின் கடைசியில், அதன் முதல் அர்த்தம் 'சந்தோஷமான' என்பது அல்ல. 'அதிர்ஷ்டமுள்ள' என்பதுதான். 'ஹேப்பி' மனிதர் என்றால் காலநேரம் கைகொடுத்த மனிதர். அவர் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை.

இதன் வேர், 'ஹேப்' என்ற சின்னச் சொல். தற்செயல், நேர்வது, யோகம் என்று பொருள். கூட ஒரு 'ஒய்' சேர்ந்து 'ஹேப்பி' ஆனது. இந்த 'ஹேப்' இங்கிலாந்தின் சொந்தச் சரக்கும் இல்லை. 9-ம் நூற்றாண்டில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கப்பலேறி வந்து, கொள்ளையடித்து, பிறகு அங்கேயே குடியேறி விவசாயம் பார்த்த வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. முட்டைக்கான 'எக்', வானத்துக்கான 'ஸ்கை', ஜன்னலுக்கான 'விண்டோ', ஏன், 'ஹஸ்பண்ட்'கூட அவர்கள் கொடுத்ததுதான். (ஹஸ்பண்டும் ஹேப்பியும் ஒரே ஊர்க்காரர்கள் என்பதைப் பற்றி நான் எந்தக் கருத்தும் சொல்வதாக இல்லை!)

இப்போது 'ஹேப்' குடும்பத்தின் மற்ற பிள்ளைகளைப் பாருங்கள். 'ஹேப்பன்' என்றால் நேர்வது. 'பெர்ஹேப்ஸ்' என்றால் ஒருவேளை. 'மிஸ்ஹேப்' என்றால் அசம்பாவிதம். 'ஹேப்லெஸ்' என்றால் அதிர்ஷ்டம் கெட்ட ஆள். 'ஹேப்ஹஸார்ட்' என்றால் ஒரு ஒழுங்கும் இல்லாமல் கிடந்தபடி. இத்தனை பேருக்கும் கூடப்பிறந்ததுதான் நம்ம 'ஹேப்பி'. ஷேக்ஸ்பியர் காலத்தில் 'ஹேப்பிலி' என்ற சொல்லையே 'ஒருவேளை' என்ற பொருளில் எழுதுவது உண்டு. அவருடைய நாடகங்களிலேயே அப்படி வருகிறது.

சரி, அதற்கு முன்னால் இங்கிலாந்துக்காரர்கள் எதை வைத்துச் சமாளித்தார்கள்? பழைய ஆங்கிலத்தில் சில சொற்கள் இருந்தன. 'ஏயாடிக்' என்று ஒன்று. செல்வமும் பாக்கியமும் உள்ளவர் என்று பொருள். அந்தச் சொல் செத்துப்போய்விட்டது. ஆனால் அதன் வேர் மட்டும் எட்வர்ட், எட்வின், எட்மண்ட் என்ற பெயர்களில் ஒளிந்துகொண்டு இன்னும் உயிரோடிருக்கிறது. எட்வர்ட் என்றால் 'செல்வத்தைக் காப்பவன்'. நம்ம ஊரில் 'தனபாலன்' மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சொல்லின் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 'கெசேலிக்' என்று ஒரு சொல். ஆசீர்வதிக்கப்பட்டவர், ஆனந்தமாக இருப்பவர் என்று அர்த்தம். காலம் போகப்போக அது 'கள்ளங்கபடம் இல்லாதவர்' என்று மாறியது. பிறகு 'ஐயோ பாவம்' ஆனது. அப்புறம் 'பலவீனமான ஆள்'. 16-ம் நூற்றாண்டில் 'முட்டாள்' என்ற இடத்துக்கே வந்துவிட்டது. இன்றைக்கு அதன் பெயர் 'ஸில்லி'! ஆமாம், 'டோன்ட் பி ஸில்லி' என்கிறோமே, அதே ஸில்லிதான். ஜெர்மனில் இருக்கும் அதன் உறவுக்காரச் சொல் 'ஸேலிக்', பேரானந்தம் என்ற அந்தஸ்தோடு இன்னும் மரியாதையாக வாழ்கிறது. கபடமில்லாமல் சிரித்துக்கொண்டிருப்பவரை உலகம் முதலில் அப்பாவி என்கிறது, அப்புறம் அசடு என்கிறது. நம்ம 'அப்பாவி'யும் பாதி தூரம் அந்த வழியில்தான் போயிருக்கிறது.

சந்தோஷத்தையும் அதிர்ஷ்டத்தையும் ஒரே பையில் போட்டது ஆங்கிலம் மட்டுமில்லை. ஜெர்மனில் 'க்ளுக்' என்றால் இரண்டும்தான். பிரெஞ்சில் மகிழ்ச்சிக்கு 'பொனேர்', அதைப் பிரித்தால் 'நல்ல சகுனம்' என்பதுபோல வரும். கிரேக்கர்களின் 'யூடைமோனியா'வில் நல்ல தெய்வம் துணைநிற்பது என்ற பொருள் இருக்கிறது. உலக மகிழ்ச்சிப் பட்டியலில் 2018-லிருந்து 2025 வரை தொடர்ந்து முதலிடம் பிடித்த பின்லாந்துக்காரர்களைக் கேளுங்கள். அவர்கள் மொழியில் 'ஒன்னி' என்ற ஒரே சொல்தான் யோகத்துக்கும் ஆனந்தத்துக்கும்.

அப்புறம் எப்போது 'ஹேப்பி' மனசுக்குள் நுழைந்தது? மெதுவாகத்தான். யோகம் அடித்தவன் முகம் மலர்ந்திருக்கும் இல்லையா? வெளியே நடந்ததைக் குறித்த சொல், அதனால் உள்ளே நடப்பதையும் குறிக்க ஆரம்பித்தது. 16-ம் நூற்றாண்டில் 'மனநிறைவோடு இருப்பது' என்ற அர்த்தம் நன்றாக வேரூன்றிவிட்டது. 1776-ல் அமெரிக்கா தன் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியபோது, உயிர், சுதந்திரம் இரண்டுக்கும் அடுத்து மகிழ்ச்சியைத் தேடும் உரிமையையும் சேர்த்தது. கவனியுங்கள், தேடுவதற்குத்தான் உரிமை. கிடைக்கும் என்று அந்தப் பிரகடனம் உத்தரவாதம் தரவில்லை. தானாக நேர்வது என்றிருந்த ஒன்று, துரத்திப் பிடிக்க வேண்டியதாக மாறியிருந்தது. துரத்திப் பிடிக்கலாம் என்றால், பிடிக்காதவர்மேல் ஏதோ குறை என்ற எண்ணமும் பின்னாலேயே வந்துவிடும். தோழிக்கு அன்று வந்த 'ஃபெயில்' உணர்வு இங்கிருந்து வந்ததுதான் என்பது என் கணிப்பு.

இதில் ஒரு வேடிக்கை. மேலே சொன்ன உலக மகிழ்ச்சிப் பட்டியலுக்காக மக்களிடம் கேட்கும் கேள்வியில் 'ஹேப்பி' என்ற சொல்லே இல்லை. "ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் 0, உச்சியில் 10. உங்களுக்கு அமையக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை உச்சியில், மிக மோசமானது அடியில். இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்?" என்பதுபோலத்தான் கேட்கிறார்கள். அதாவது, இன்று மனசு எப்படி இருக்கிறது என்பது வேறு, வாழ்க்கை எப்படிப் போகிறது என்பது வேறு. தோழியிடம் இதைக் கேட்டபோது ஒரு நொடிகூட யோசிக்காமல், "எட்டு" என்றாள். "அப்புறம் ஏன் அன்னிக்கு முழிச்சே?" என்றேன். "அன்னிக்கு அவங்க ஏணியைக் கேட்கலையே!"

ஆபீஸுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு 'ஹேப்பி' தெரியும். "ஐயாம் ஹேப்பி வித் திஸ்" என்று மேலதிகாரி மெயில் அனுப்பினால் அவர் ஆனந்தக் கூத்தாடுகிறார் என்று அர்த்தமில்லை. 'பரவாயில்லை, எனக்கு ஆட்சேபணை இல்லை', அவ்வளவுதான். "ஹேப்பி டு ஹெல்ப்" என்றால் 'செய்து தருகிறேன்'. ஆனால் "கிளையன்ட் இஸ் நாட் வெரி ஹேப்பி" என்று வந்தால்? கிளையன்ட் கொஞ்சம் சோகமாக இருக்கிறார் போல என்று நினைத்து, நிதானமாக மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பதில் எழுதிய அனுபவம் எனக்கு உண்டு. அவர் கொதித்துக்கொண்டிருந்தார் என்பது சாயங்கால மீட்டிங்கில்தான் தெரிந்தது. ஆங்கில 'ஹேப்பி' அன்றாடப் பேச்சில் இப்படித் தேய்ந்து லேசாகிவிட்டது, ஜெர்மன், ரஷ்ய மொழிகளில் அதற்கு ஈடான சொற்கள் இதைவிடக் கனமானவை என்று மொழியியலாளர் அன்னா வியெஷ்பிட்ஸ்கா எழுதியிருக்கிறார்.

கொஞ்சம் ஆபத்தான ஹேப்பியும் உண்டு. அடி வாங்கி வாங்கிக் கிறங்கிப்போன குத்துச்சண்டை வீரரை 'ஸ்லாப் ஹேப்பி' என்றார்கள். இரண்டாம் உலகப்போர் காலத்தில் பரவியது 'ட்ரிகர் ஹேப்பி', எதற்கெடுத்தாலும் சுட்டுவிடத் துடிப்பவர். இங்கே ஹேப்பி, போதைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது.

இதைச் சொன்னால் நம்ம 'மகிழ்ச்சி'யையும் சொல்ல வேண்டும். பழந்தமிழில் 'மகிழ்' என்பது கள்ளையும் அது தரும் களிப்பையும் குறித்திருக்கிறது. மறதியைக் கண்டிக்கும் 'பொச்சாவாமை' அதிகாரத்தில் வள்ளுவர் மகிழ்ச்சியைக் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் பார்க்கிறார். 'சந்தோஷம்' சம்ஸ்கிருதத்திலிருந்து வந்தது, அங்கே அதன் பொருள் 'போதும் என்ற நிறைவு'. 'குஷி' பாரசீகம். 'ஜாலி' ஆங்கிலம் வழியாக வந்த பழைய பிரெஞ்சு. இன்றைய பிரெஞ்சில் 'ஜோலி' என்றால் 'அழகான'. ஆக, நம்மிடம் ஒன்றுக்கு நாலு இருக்கிறது. போனஸாக ஹேப்பியும்.

கடைசியாக ஒன்று. பிறந்தநாளுக்கு 'மெனி மோர் ஹேப்பி ரிட்டர்ன்ஸ் ஆஃப் த டே' என்று சொல்கிறோமே, அதில் எது 'ரிட்டர்ன்' ஆகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? சின்ன வயசில் நான், கொடுத்த கிஃப்ட்டுக்குப் பதிலாக நமக்குத் திரும்பி வருவதைச் சொல்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வருவது அந்த நாள். இதே நாள் உனக்குப் பல வருஷம் திரும்பத் திரும்ப வரட்டும், வரும்போதெல்லாம் நல்லபடியாக வரட்டும் என்பதுதான் வாழ்த்து. இங்கே 'ஹேப்பி', பல்லைக் காட்டிச் சிரி என்று யாரையும் கேட்கவில்லை. காலில் விழுந்து எழும்போது தலையில் கை வைத்து "நல்லா இரு" என்கிறார்களே பாட்டிகள், கிட்டத்தட்ட அதே அர்த்தம்.